பழைய மோட்டார் சைக்கிளும் அதனைச் செப்பனிடுவோர் கடனும்

ஓய்வு நேரத்தை நல்வழியிற் கழிப்பதற்கு மக்கள் கைக்கொள்ளும் பொழுதுபோக்குகள் பலவாம். தபால் தலை சேர்ப்பார் சிலர். தோட்டம் வளர்ப்பார் சிலர். பழைய நாணயங்களைத் தேடித் திரிவார் சிலர். இவற்றையெல்லாம் கண்ணியமானவை என்று ஒப்புக்கொள்ளும் பெரியோர்களும், பழைய மோட்டார் சைக்கிளொன்றைக் கழற்றிப் பூட்டி மீண்டும் ஓடச்செய்வதில் ஒருவன் தன் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடக் கண்டால், "கையெல்லாம் மசி, காதெல்லாம் இரைச்சல், இதனால் விளையும் பயன் யாது?" என்று வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறுவதும், அப்பொழுதுபோக்கின் முறை இன்னது, அதில் வழுக்கி விழும் இடம் இன்னது என்று காட்டுவதுமே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

இத்தொழிலில் இருவகை உண்டு. பழுதுற்ற வண்டியை, அது தொழிற்சாலையினின்று வெளிப்போந்த நாளில் இருந்த நிலைக்கே கொணர்தல் ஒன்று. அதனைப் பழமை மீட்டல் என்போம். வண்டியின் உருவத்தையும் உறுப்புகளையும் உடையவன் தன் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைத்தல் மற்றொன்று; அதனை உருமாற்றம் என்போம். இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே ஸ்பானரைக் கொண்டு செய்யப்படுவனவே. ஆயினும், முன்னதில் வண்டியின் சொல்லுக்குச் செப்பனிடுவோன் கீழ்ப்படிகின்றான். பின்னதில் அவன் சொல்லுக்கு வண்டி கீழ்ப்படிகின்றது. இவ்வேற்றுமையை உணராது வேலையைத் தொடங்குவோர், மீட்பதாக எண்ணி மாற்றிவிடுகின்றனர்.

சென்னைவாசிகளுக்கு இப்பொழுதுபோக்கில் ஒரு தனியுரிமை உண்டு. மயிலாப்பூரின் குறுகிய சந்துகளிலும், தியாகராய நகரத்து வீட்டு முகப்புகளிலும், அடையாற்றின் மரநிழல்களிலும் தார்ப்பாய் போர்த்து நிறுத்தப்பட்டிருக்கும் பழைய வண்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது 'புல்லட்' என்பதாகும். அது பிறந்த இடமோ இந்நகரின் வடகோடியிலுள்ள திருவொற்றியூர். ஆகவே, ஏனை ஊரார்க்கு அயல்நாட்டுப் பொருளாராய்ச்சியாக இருப்பது நமக்கு நம் ஊரின் கைத்தொழில் வரலாறாக அமைகின்றது.

அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இங்கிலாந்து தேசத்தில் ரெடிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியார் 1901-ஆம் ஆண்டில் தம் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டனர். புல்லட் என்னும் பெயர் 1932-இல் தோன்றிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், பின்சக்கரமும் ஸ்பிரிங்கின்மேல் ஏறி இறங்குமாறு அமைக்கப்பெற்ற புதிய 350 சி.சி. புல்லட் வந்தது. அதுவே 1949 முதல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் வாயிலாக நம் நாட்டில் விற்பனையாயிற்று. எல்லைப்புறக் காவலுக்கு ஏற்ற வண்டியைத் தேடிய இந்திய ராணுவத்தார் 1950-களின் முற்பகுதியில் நூற்றுக்கணக்கான புல்லட்டுகளுக்கு ஆணை கொடுத்தனர். அதனால், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் கம்பெனியும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. முதலில் கப்பலில் வந்த உறுப்புகளைப் பூட்டுவதே இங்குள்ள வேலையாயிருந்தது; 1960-களின் தொடக்கத்திற்குள் உறுப்புகளும் இங்கேயே செய்யப்படலாயின.

அதன்பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. தாய்க் கம்பெனியின் உற்பத்தி 1970-இல் இங்கிலாந்தில் முடிவுற்றது. சென்னையிலோ அவ்வேலை இடையறாது நடந்தது. 1977 முதல் புல்லட் வண்டிகள் இங்கிருந்து இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாயின. 1994-இல் அந்த ஸ்தாபனம் ஐஷர் குழுவினருடன் இணைந்தது. வார்ப்பிரும்பு உருளையையுடைய பழைய அமைப்பு யந்திரம், 2010-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரையில் ஏறத்தாழ அதே வடிவில் செய்யப்பட்டு வந்து, பின்னரே புதிய அமைப்பிற்கு இடம் விட்டு விலகிற்று.

இவ்வரலாற்றினின்று ஒரு நன்மை பிறந்தது. ஐம்பது ஆண்டுகளாக அமைப்பு பெரிதும் மாறாமையால், பிந்திய வண்டிக்குச் செய்த உறுப்புகளிற் பல முந்திய வண்டிக்கும் பொருந்துகின்றன. உலகில் வேறெந்தப் பழைய வண்டிக்கும் இத்துணை எளிதாக உறுப்புகள் கிடைப்பதரிது.

தீமையும் அதனினின்றே பிறந்தது. 1958-இல் செய்த வண்டியொன்றைக் கருதுவோம். ஓராண்டு மட்கார்டு துருப்பிடிக்கின்றது, கடையிற் புதிது கிடைக்கின்றது, மாட்டிவிடுகின்றனர். மற்றோராண்டு கார்புரேட்டர் தேய்கின்றது. வேறு கம்பெனியினது வருகின்றது. பின்னர் 6 வோல்ட் மின் அமைப்புப் போய் 12 வோல்ட் வருகின்றது. தனியாசனம் போய் நீண்ட ஆசனம் வருகின்றது. ஒவ்வொன்றும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதே. எனினும் முப்பது ஆண்டு கழிந்தபின் பார்த்தால், பதிவுப் புத்தகத்தில் 1958 என்ற எண் மட்டும் பழையதாகவும், வண்டி முழுவதும் நேற்றையதாகவும் இருக்கும். ஒருவரும் அழிக்காமலே ஒரு பொருள் அழிந்துவிட்டது. உறுப்பு கிடையாமல் அழிந்த வண்டிகள் பல. புல்லட்டோ உறுப்பு கிடைப்பதனால் அழிகின்றது.

இதற்கு மாறான நிலையையும் நோக்குக. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனியார் 1961 முதல் செய்துவந்த ஜாவா, எஸ்டி வண்டிகளின் உற்பத்தி 1996-இல் நின்றது. அவற்றிற்குரிய அசல் உறுப்புகள் கிடைப்பது அரிதாகிவிட்டமையால், அவ்வண்டிகளை வைத்திருப்போர் ஒரு சிறு திருகாணியையும் எறிய அஞ்சுகின்றனர். உள்ளதைச் செப்பனிட்டே பயன்படுத்துகின்றனர். இல்லாமையே அங்குக் காவலாயிற்று. புல்லட் வைத்திருப்போனுக்கு அக்காவல் வெளியிலிருந்து வாராது. அவன் தன் மனத்தினின்றே அதனை வருவித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்கு இக்கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த முறையை யாவரும் அறிவர். சுவடிகளிற் சொற்கள் வேறுபட்ட இடங்களில் அவர் தம் மனம்போனவாறு ஒன்றை எழுதி மற்றவற்றை மறைத்துவிடவில்லை. பாடபேதங்களைக் குறிப்பாகக் காட்டினார். அவர் பெயரால் 1943-இல் நிறுவப்பெற்று, இன்று பெசன்ட் நகரில் விளங்கும் நூல்நிலையத்தில் சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. பழைய வண்டியும் ஒருவகையிற் சுவடியே. அதன் தகட்டின் கனமும், பற்றுவைத்த இடமும், வர்ணத்தின் கீழுள்ள வர்ணமும், அதனைச் செய்தவர்களும் ஓட்டியவர்களும் எழுதிவைத்த எழுத்துகளாம். அவற்றைப் படியாமுன் துடைப்பது தகாது.

இனி, வேலையின் முறையைக் கூறுவோம். முதலிற் செய்யற்பாலது, வண்டியை வாங்குமுன் அதன் எண்களைப் பார்த்தல். சட்டத்திற் பொறித்த எண்ணும் யந்திரத்திற் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்துடன் ஒத்திருக்க வேண்டும். எண்கள் அராவப்பட்டிருப்பினும், புத்தகம் இல்லையெனினும், விலை எத்துணைக் குறைவாயினும் அவ்வண்டியைத் தீண்டாதிருத்தலே நலம். களவாடிய பொருளைச் செப்பனிடுவது பொழுதுபோக்கன்று.

இரண்டாவது, ஒரு திருகையும் கழற்றுமுன் வண்டியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் பிடித்தல். கம்பிகள் எவ்வழிச் செல்கின்றன, எந்த வாஷர் எந்தப் போல்ட்டின் கீழ் உள்ளது என்பனவற்றை நினைவில் வைத்திருப்போம் என்று எண்ணுதல் வீண். கழற்றிய உறுப்புகளைத் தனித்தனிப் பைகளிலிட்டுப் பெயரெழுதுதல் வேண்டும். பழுதான உறுப்பையும் எறியலாகாது. புதியதைச் செய்வதற்கு அதுவே மாதிரி. "பதறாத காரியம் சிதறாது" என்னும் பழமொழி இவ்விடத்திற்கே சொல்லப்பட்டது போலும்.

மூன்றாவது யந்திரம். புல்லட் யந்திரத்தின் உருளை 70 மி.மீ. விட்டமுடையது, அதனுள் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்குகின்றது. இவ்விரண்டையுங்கொண்டு கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். அதனையே வழக்கில் 350 என்கின்றனர். விட்டத்தினும் ஓட்டம் நீண்டிருத்தலும், உள்ளே சுழலும் சக்கரங்கள் கனத்திருத்தலுமே, அது மெல்லச் சுழன்றும் வலிமையுடன் இழுப்பதற்கும், அதற்கே உரிய விட்டுவிட்டொலிக்கும் ஓசைக்கும் காரணமாம். உருளை தேய்ந்து நீள்வட்டமாகியிருப்பின், லேத் பட்டறையிற் கொடுத்துத் துளையைச் சிறிது பெரிதாக்கி, அதற்கேற்ற அளவுள்ள பிஸ்டனை இட வேண்டும். தேய்மானம் சிறிதாயின் வளையங்களை மட்டும் மாற்றினாற் போதும். அளவுகோலால் அளந்து பார்த்தபின்னரே இதனை முடிவுசெய்ய வேண்டும்; மெக்கானிக்கின் ஊகத்தாலன்று.

இவ்யந்திரத்திற்கு எண்ணெய் தனித் தொட்டியில் இல்லை. யந்திரத்தின் அடிவார்ப்பிலேயே பின்புறம் ஓர் அறையில் உள்ளது. அங்கிருந்து ஒரு பம்பு எண்ணெயை உறுப்புகளுக்குச் செலுத்த, மற்றொரு பம்பு அதனை மீட்டு அறைக்கே அனுப்புகின்றது. வண்டி பன்னாள் நின்றுவிடின், எண்ணெய் கசிந்து சுழற்சி அறையில் தேங்கிவிடும். கனெக்டிங் ராடின் பெரிய முனை ஒரு மிதக்கும் புஷ்ஷின்மேற் சுழல்வது. எண்ணெய் வாராவிடில் முதலில் மாள்வது அதுவே. ஆகையால், பல்லாண்டு நின்ற வண்டியை ஆசையோடு உடனே உதைத்துக் கிளப்ப முயல்வது பெருந்தீங்கு. பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியைக் கழுவி, பம்புகளைச் சோதித்துப் புதிய எண்ணெயிட்ட பின்னரே அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

உயிர் கொடுக்கும் முறையும் கற்கத்தக்கது. மின்கல அமைப்புடைய வண்டியில், விளக்குக் கூட்டிலுள்ள அம்மீட்டர் முள்ளை நோக்கியவாறு கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவில் வந்து நின்றால், பிஸ்டன் உச்சியை அணுகிற்று என்பது பொருள். அப்பொழுது டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து அழுத்தத்தை வெளியேற்றி, பிஸ்டனை உச்சியினின்றும் சிறிது கடத்தி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக உதைத்தால் யந்திரம் ஓடத் தொடங்கும். வலிமையுள்ள வாலிபன் இருபது முறை உதைத்தும் அசையாத வண்டி, முறையறிந்த கிழவர் ஒருமுறை மிதிக்கக் கிளம்புவதன் இரகசியம் இதுவே.

நான்காவது வர்ணம். இதிலேதான் ஆசை அறிவை வெல்லும். எல்லாவற்றையும் சுரண்டி, கண்ணாடிபோல் மின்னச் செய்தல் எளிது. ஆனால் பெட்ரோல் டேங்கின் மேல் தூரிகையாற் கையால் இழுத்த பொற்கோடுகள், நடுக்கமில்லாத ஒரு தொழிலாளியின் கையெழுத்தாம். அவை மங்கியிருப்பினும் தெரியுமாயின், மெழுகிட்டுக் காத்தலே சிறந்தது. துரு தகட்டைத் துளைத்த இடத்தில் மட்டும் டிங்கர் வேலையும் புதுவர்ணமும் வேண்டும். முதல் வர்ணம் ஒருமுறைதான் இருக்கும்; பிறகு எத்தனை முறை பூசினும் அது முதலாகாது.

இனி, இந்நகரத்திற்கே உரிய பகைகள் மூன்று. முதலாவது கடற்காற்று. சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் நிற்கும் வண்டியின் நிக்கல் பூச்சும் ஸ்போக் கம்பிகளும் உள்ளூரில் நிற்பனவற்றினும் விரைவில் கெடும். தார்ப்பாயால் இறுக மூடுதல் ஈரத்தை உள்ளே அடைப்பதாகும். காற்றோட்டமுள்ள துணியுறையே நலம்.

இரண்டாவது வெள்ளம். 1943-இல் நிகழ்ந்ததை நாம் கண்டதில்லை; ஆயினும் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்தவர் இலர். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உதைத்துப் பார்த்தலாகாது. உள்ளே புகுந்த வண்டல் உருளையையும் புஷ்ஷையும் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, நீரையும் எண்ணெயையும் வடித்து, உறுப்புகளைப் பிரித்து மண்ணெண்ணெயாற் கழுவி உலர்த்துவதே முறை.

மூன்றாவது இக்காலத்துப் பெட்ரோல். நம் நாட்டில் அதனுடன் எத்தனால் என்னும் சாராயம் சேர்க்கப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டிற்குள் அது நூற்றுக்கு இருபது என்னும் அளவை எட்டிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் இளக்கும். அரிதாக ஓட்டும் வண்டியின் டேங்கில் நீர் அடியிற் படிந்து துரு தோன்றும். எனவே, அவ்வெரிபொருளைத் தாங்கும் குழாய்களை இடுவதும், வண்டி பலநாள் நிற்குமாயின் கார்புரேட்டரை வடித்துவிடுவதும் அவசியம். இது வெளிக்குத் தோன்றாத மாற்றம். வண்டியைக் காக்கும் மாற்றம்.

உறுப்புகளைத் தேடுவோன் புதுப்பேட்டைக்குச் செல்ல வேண்டும். கூவத்தின் அருகே, பிரித்தெடுத்த வண்டிகளின் உறுப்புகள் மலைபோற் குவிந்திருக்கும் அக்கடைத்தெரு, பொறுமையுள்ளவனுக்கு ஒரு பொக்கிஷம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிய உறுப்புகளும் அலங்காரச் சாமான்களும் கிடைக்கும். கடைசல் வேலைக்கும் பூச்சு வேலைக்கும் 1958-இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த பட்டறைகள் உள. இவ்விடங்களில் நாற்பது ஆண்டு கைபழகிய தொழிலாளர், யந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லுவர். கல்லூரியில் உஷ்ணத்தால் உலோகம் விரிவதைப் பாடமாகப் படித்த மாணவன், அவர் பக்கத்தில் அமர்ந்து, சூடேற்றிய வார்ப்பினின்று பேரிங் தானே நழுவி விழுவதைக் கண்டால், தான் படித்தது உண்மை என்று உணர்வான். அத்தொழிலாளரை 'ஐயா' என்றழைத்துக் கற்றுக்கொள்ளும் பணிவு இப்பொழுதுபோக்கின் பெரும்பயன்களுள் ஒன்றாம்.

உருமாற்றத்தைப் பற்றியும் நடுநிலையோடு பேசுதல் வேண்டும். அது முற்றும் இகழத்தக்கதன்று. 1950-60-களில் லண்டன் நகரத்து இளைஞர்கள் ஹாண்டில் பாரைத் தாழ்த்தி, ஆசனத்தைக் குறுக்கி, ஒரு காப்பிக்கடையிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்தோடியதினின்றே 'கேஃப் ரேசர்' என்னும் உருவம் பிறந்தது. நம் நகரிலும் இதற்கொப்பான மரபு உண்டு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர், யுத்தகாலத்து விமானத் தளமான சோழவரத்தில் நெடுங்காலம் பந்தயங்கள் நடத்தினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்பெற்றது. பந்தயத்திற்காக எடையைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி வண்டிகளைத் திருத்திய கைகள் கற்ற வித்தை சிறிதன்று. அது பந்தய நிலத்திற்கு உரியது, தெருவிற்கு அன்று.

தெருவிலோ சட்டம் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்புவோர் சட்டத்தை மீறுவதோடு, நோயாளியின் உறக்கத்தையும் குழந்தையின் உறக்கத்தையும் கவர்கின்றனர். தன் மகிழ்ச்சிக்குப் பிறர் செவி விலை கொடுப்பது முறையன்று.

மற்றொரு சட்டமும் அறியத்தக்கது. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம், முதல் விற்பனையிலிருந்து ஐம்பது ஆண்டு நிறைந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய விதி வகுத்தது. புதுப் பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டு செல்லும். மறுபதிவிற்கு 5,000 ரூபாய். எண்பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் அமையும். அன்றாடப் போக்குவரத்திற்கும் வாணிகத்திற்கும் அவ்வண்டி உதவாது. கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றிற்கே உரியது. இவ்விதியிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: வண்டி அதன் அசல் உருவில், சட்டத்திலும் யந்திரத்திலும் பெருமாற்றம் பெறாததாய் இருத்தல் வேண்டும். இன்று சட்டத்தை அறுத்து உருமாற்றுவோன், நாளை தன் பிள்ளைகளுக்கு வரவிருந்த உரிமையையும் உடன் அறுத்துவிடுகின்றான்.

ஆகவே, மீட்போனுக்கும் மாற்றுவோனுக்கும் பொதுவாக ஒரு விதியைக் கூறி முடிக்கலாம்: பின்வரும் கை திருப்பிச் செய்ய இயலாத எதனையும் இன்று செய்யாதே. கழற்றத்தக்க ஆசனத்தை மாற்றலாம். பழையதைப் பரணில் வைக்க. ஹாண்டில் பாரை மாற்றலாம். அசலை எண்ணெய் தடவிக் காக்க. சட்டத்தை வெட்டுதலும், எண்ணை அராவுதலும், முதல் வர்ணத்தைக் காரணமின்றிச் சுரண்டுதலும் திரும்பாத செயல்கள்.

இதனோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வண்டிக்கு வேண்டும். எந்நாளில் எவ்வுறுப்பு மாற்றப்பட்டது, பழையது எங்குள்ளது, எந்த அளவிற் பிஸ்டன் இடப்பட்டது என்பனவற்றை அதில் எழுதிவைத்தல் செப்பனிடுவோன் கடன். நாம் ஒரு வண்டியை வைத்திருப்பது இருபது முப்பது ஆண்டுகளே. அதுவோ நமக்கு முன்னும் இருந்தது, நமக்குப் பின்னும் இருக்கும். திருவொற்றியூர்த் தொழிலாளர் பலர் தம் பெயரை எங்கும் எழுதாது சென்றனர்; அவர்கள் கைத்திறம் இவ்விரும்பிலேயே உள்ளது. அதனை அழியாமல் அடுத்த கையில் ஒப்புவிப்பதினும் மேலான பயன் ஒரு பொழுதுபோக்கிற்கு வேறு வேண்டுவதில்லை. மாணவ நண்பர்கள் தம் வீட்டுத் தாழ்வாரத்திலுள்ள பழைய வண்டியின் தார்ப்பாயை ஒருமுறை விலக்கிப் பார்ப்பார்களாக. ஸ்பானரை எடுக்குமுன் நோட்டுப் புத்தகத்தை எடுப்பார்களாக.